கோவா நோக்கி ஒரு கூட்டுப் பயணம்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் முன்பு ‘ரைடர் மேனியா’ என்ற பெயரில் நடத்தி, 2023 முதல் ‘மோட்டோவெர்ஸ்’ என அழைத்துவரும் பைக் திருவிழா, நவம்பரில் கோவாவின் வாகடோரில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்களையும் புதியவர்களையும் ஒன்றுசேர்த்து வந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்திலிருந்து மதுரை, சேலம், பெங்களூரு, ஹூப்ளி வழியாக அங்குச் செல்ல ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டவேண்டியிருப்பதால், பெங்களூருவிலோ அதைக் கடந்தோ ஓரிரவு தங்கி, பயணத்தைப் பகலுக்குள் முடிப்பதே அறிவுடைமை. அம்மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலமாதலால் மழைக்கோட்டும், ஆவணங்களை நனையாமல் காக்கும் உறையும் இன்றியமையாதவை.

குழுவுக்கு வழிகாட்டியாக ஒருவர் முன்னும், பின்தங்குவோரைக் கவனிக்கும் அனுபவசாலி ஒருவர் கடைசியிலும் செல்லவேண்டும். பஞ்சர் கருவிகள் கடைசி வண்டியில் இருந்தால்தான், வழியில் நின்றவரை அடைந்து உதவ முடியும். நேர்ச்சாலையில் வண்டிகள் பக்கம் பக்கமாகச் செல்லாமல், இடம் வலமாக மாறிமாறி, ஒரே தடத்தில் முன்செல்லும் வண்டிக்கு இரண்டு நொடி இடைவெளி விட்டு ஓடும் ‘ஏறுமாறு வரிசை’ பாதுகாப்பானது. வளைவுகளில் அது ஒற்றை வரிசையாக மாறவேண்டும். பெட்ரோல் நிறுத்தங்களை, குழுவிலேயே மிகச் சிறிய டேங்க் கொண்ட வண்டியின் கொள்ளளவே தீர்மானிக்கவேண்டும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது.