ஏற்றி இறக்கிய தூரம்

அம்மம்மாவின் இடது காலில் ஒரு புண். சீனி வருத்தக்காரிக்கு வந்த புண், ஆறமாட்டேன் என்று நின்றது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொண்டுவந்து மருந்து கட்டவேண்டும் என்று புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் சொல்லியிருந்தார்கள். எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, குளக்கட்டோரம். அங்கிருந்து புதுக்குடியிருப்புக்கு இருபது கிலோமீற்றர் அளவில் வரும். அது 1997ஆம் ஆண்டு.

அப்பாவின் சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துப் போட்டு, அதற்குமேல் தலையணை வைத்துக் கட்டுவோம். புண்கால் சில்லுக்குள் போகாமல் பழைய சீலைத்துண்டால் ஒரு தொங்கல் கட்டிவிடுவார் அம்மா. அப்பா முன்னால் உருட்ட, நான் பின்னால் அம்மம்மாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு நடப்பேன். விடிய வெளிக்கிட்டால் வீடு திரும்பப் பொழுதுபட்டுவிடும். அப்பாவால் முடியாத நாளில் அயலில் யாராவது வருவார்கள். இன்றைக்கு யாருடைய முறை என்பது முதல்நாளே குளத்தில் குளிக்கும்போது பேசி முடிவாகிவிடும்.

மூன்றாவது கிழமை, கரியரில் ஏறக் கையை நீட்டிய அம்மம்மா கையை இழுத்துக்கொண்டார். "காணும் தம்பி. என்னை ஏற்றி இறக்கி நீங்கள் எல்லாரும் சாகிறியள். கிடக்கிற கால் கிடக்கட்டும்."

அந்தக் காலைப் பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவந்தது. அவரை நிறுத்தியது வலி அல்ல, பிள்ளைகளுக்குப் பாரமாகிறேன் என்ற கூச்சம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே பேச்சை வன்னியில் வேறு வாய்களில் கேட்கிறேன். இதை எழுதவைப்பது அதுதான்.

மண்ணெண்ணெய்க் காலம்

அன்று யுத்தத்தால் வன்னிக்குள் பெற்றோலும் டீசலும் வரத் தடை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சின் எழும்புவதற்கு மட்டும் சூப்பிப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல் பீச்சுவார்கள். அந்த நாலு துளியும் கடையில் மருந்துபோல அளந்து விற்கப்பட்டது. வைத்தியசாலைக்குப் போகும் வாகனம் என்றால் சைக்கிள், மாட்டு வண்டில், அதிர்ஷ்டம் இருந்தால் உழவு இயந்திரத்தின் பெட்டி. பெட்டியில் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, ஒரு ஊரின் நோயாளர் ஐந்தாறு பேரை ஒன்றாக ஏற்றிக்கொண்டு போவார்கள். ஒருவருக்கென்று மண்ணெண்ணெய் செலவழிக்க யாரிடமும் வசதி இருக்கவில்லை.

1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகரம் வெறுமையானபின், அக்கராயன், மல்லாவி போன்ற உள்ளூர் வைத்தியசாலைகளே சனத்தைத் தாங்கின. அங்கே வந்து இறங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு மலேரியா. நானும் அப்படிப் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கரியரில் போனவன்தான். ஆனால் மலேரியாவும் பாம்புக்கடியும் கேட்டது ஒரு பயணம். போனால், பிழைத்தால், திரும்பி வந்துவிடலாம். அம்மம்மாவின் கால்புண்போல வாரத்துக்கு மூன்று நாலு தடவை கூப்பிட்ட நோய் அன்று அருமை. அதைத் தாங்க ஒரு வீட்டால் முடியவில்லை. ஒரு அயலாலும் நீண்ட நாள் முடியவில்லை.

பெரிய வைத்தியம் என்றால் வவுனியா, அதற்கும் மேல் கொழும்பு. அங்கு போக இந்தப் பக்கம் ஒரு பாஸ், அந்தப் பக்கம் ஒரு பாஸ். பிரமனாலங்குளத்திலும் உயிலங்குளத்திலும் இருந்த சோதனைச்சாவடிகளில் நோயாளர் நிழலுக்கு மரம் தேடிக் காத்துக் கிடந்த நாட்களை எங்கள் தலைமுறை மறக்காது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது முதலில் நிம்மதிப் பெருமூச்சு விட்டவர்களில் கிளினிக் கொப்பியுடன் இருந்தவர்களும் அடங்குவர். நாலு ஆண்டுகள்தான். 2006 ஓகஸ்ற் 11இல் அது மீண்டும் மூடப்பட்டது.

மீண்டும் மூண்ட யுத்தத்தின் முடிவு எல்லோருக்கும் தெரியும். 2009 பெப்ரவரி 10 முதல் மே முற்பகுதி வரை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு முல்லைத்தீவின் கரையிலிருந்து காயப்பட்டவர்களையும் நோயாளரையும் கப்பலில் ஏற்றித் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுபோனது. உடன் போனவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 14,000 பேர். புதுமாத்தளன் கடற்கரையில் படகுக்காகக் காத்திருந்தவர்களில் குண்டுக் காயமே இல்லாத பழைய நோயாளரும் இருந்தார்கள். சீனி, இழுப்பு, நெஞ்சுவருத்தம் எல்லாம் யுத்தம் முடியும்வரை பொறுத்திருப்பவை அல்ல.

கார்ப்பெட் றோட்டு வந்த பிறகு

இன்று ஏ9இல் நின்று பார்த்தால் அந்த நாட்கள் கனவுபோல இருக்கும். பரந்தனிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவுக்குக் கார்ப்பெட் றோட்டு. 2011 ஜனவரியில் 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் திறந்ததில் பூநகரிச் சனத்துக்கு யாழ்ப்பாணம் கிட்டவாகிவிட்டது. யாழ்தேவி ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. புற்றுநோயென்றால் மகரகமைதான் என்றிருந்த நிலையைத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை மாற்றியது. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011 ஜூலையில் மக்கள் நடந்து நிதி சேர்த்துக் கட்டிய இடம் அது.

2018 ஜூலை 21இல் இந்திய நன்கொடையில் தொடங்கிய 1990 அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது. இலக்கத்தை அழுத்தினால் வீட்டு வாசலுக்கு வரும், காசு இல்லை. 2024 மே மாதத்தில் நெதர்லாந்தின் உதவியோடு கிளிநொச்சியில் மகளிர் நலனுக்கும், மாங்குளத்தில் புனர்வாழ்வு மருத்துவத்துக்கும், வவுனியாவில் இருதய, சிறுநீரக நோய்களுக்கும் புதிய சிகிச்சை நிலையங்கள் திறக்கப்பட்டன. மலேரியாவோ 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழோடு நாட்டைவிட்டே போய்விட்டது. இவற்றைச் சின்ன விஷயமாகச் சொல்ல எனக்கு மனம் வராது. அன்று இதில் ஒன்று இருந்திருந்தால் அம்மம்மா இரண்டு காலோடு போயிருப்பார்.

ஆனால் றோட்டு மாறிய அதே காலத்தில் நோயும் மாறிவிட்டது. அன்று அருமையாக இருந்த அம்மம்மாவின் வருத்தம் இன்று வழமையாகிவிட்டது. சிறுநீரகம், சீனி, பிரஷர், புற்றுநோய், முள்ளந்தண்டுக் காயம், எல்லாமே ஆயுள் முழுதும் பயணம் கேட்கும் நோய்கள். இரத்தச் சுத்திகரிப்பு வாரம் இரண்டு தடவை என்று வையுங்கள். ஆண்டுக்கு 104 நாள். போக ஒன்று, வர ஒன்று என்றால் 208 பயணம். மெசினில் நாலு மணி நேரம் கிடந்து எழும்பியவரைப் பஸ்சில் நின்றுகொண்டு வரச் சொல்ல முடியாது. 1990 என்பது விழுந்த நாளுக்கான இலக்கம். விழாமல் காக்கும் அந்த 104 நாட்களுக்கு எந்த இலக்கமும் இல்லை.

முல்லைத்தீவு மாவட்டம் 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. 2012 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 92 ஆயிரம் பேரளவில்தான். குளமும் காடும் வயலும் கடந்து வீடுகள். கார்ப்பெட் றோட்டு வரைக்குமான கடைசி நாலைந்து கிலோமீற்றர் இன்னும் கிறவல். மாரியில் அதுவும் சேறு. கிளினிக்கில் நம்பர் எடுக்க வேண்டுமென்றால் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டும். அந்த நேரம் யானை நிற்கும் நேரம். கூடப்போகும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைய நாட்கூலி இல்லை. பெரிய வைத்தியசாலைக்கு மாற்றும்போது அம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போகும். "துண்டு வெட்டியாச்சு, வீட்டை போகலாம்" என்று சொன்ன பிறகு அந்தப் பாதை முழுக்க நோயாளியின் பொறுப்பு.

யுத்தத்தில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கு இது இன்னும் கொடிது. மாங்குளத்தில் உயிரிழை என்ற பெயரில் அவர்களே கூடி நடத்தும் அமைப்பு இருக்கிறது. சலக்குழாய் மாற்றவும் படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டவும் அவர்கள் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். எங்கள் பஸ்களின் படியில் சக்கரநாற்காலி ஏறாது. வாகனம் பிடித்தே ஆகவேண்டும்.

பக்கத்து வீட்டு அண்ணை சிறுநீரக நோயாளி. அரசு தரும் மாதாந்த உதவி 2025இல் 10,000 ரூபாவாக உயர்ந்தது. அவர் அதை எடுத்த கையோடு ஓட்டோக் கடனைத் தீர்க்கிறார். போன மாரியில் அவர் என்னிடம் சொன்னார்: "இந்தக் கிழமை ஒருக்கால் விட்டால் என்ன தம்பி? பெடியனும் எத்தனை நாளைக்கு வேலைக்குப் போகாமல் என்னை ஏற்றி இறக்கிறது?" எனக்கு அம்மம்மா கையை இழுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது.

அன்று திரும்பி வந்த சில மாதங்கள்

2022இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது வன்னிக்குப் பழைய காலம் திரும்பிவந்தது. கியூஆர் அட்டையில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடினாலும் 125 கிலோமீற்றர்தான். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போய்வரவே நூறு வேண்டும். வவுனியா போய்த் திரும்ப அந்தக் கிழமைப் பங்கு முழுவதும் போதாது. கரியரில் மறுபடி தலையணை கட்டினார்கள். அந்த முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் இன்னும் இருந்தார்கள். ஆனால் முறை வைத்து வர அயல் இருக்கவில்லை. பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் தூர இடங்களில் வேலைக்கு. அயலைக் குறை சொல்ல நான் ஆயத்தமில்லை. ஆயுள் முழுதும் கேட்கும் பயணத்தை அயலின் நல்ல மனதில் மட்டும் ஏற்றிவைத்தால் அந்த அயலும் முறிந்துபோகும். 1997இலேயே அதைப் பார்த்தோம்.

ஒரே றோட்டு, நாலு ஓட்டோ

ஒரு நாள் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய், வைத்தியசாலை வாசலில் காத்திருந்தேன். அதே நேரத்துக்கு எங்கள் றோட்டிலிருந்து வந்த வேறு மூன்று ஓட்டோக்கள் வரிசையில் நின்றன. ஒருவர் குளத்துக்கு அந்தப் பக்கம், ஒருவர் சந்தியடி, இன்னொருவர் எங்கள் ஒழுங்கையிலிருந்து கூப்பிடு தூரம். நாலு பேருக்கும் நாலு முழுக் கூலி. ஒரே றோட்டில், ஒரே நேரத்தில், ஒரே வாசலுக்கு. மண்ணெண்ணெய்க்கு வழியில்லாத காலத்தில் ஒரு பெட்டியில் ஆறு பேரை ஏற்றிய சனம் நாங்கள்.

இதற்குப் பெரிய கட்டடமோ வெளிநாட்டு நன்கொடையோ வேண்டாம். கிளினிக்கும் சுத்திகரிப்பும் நாள் குறிக்கும்போது, நோயாளியின் றோட்டையும் பார்த்துக் குறிக்கலாம். ஒரு றோட்டுக்காரருக்கு ஒரே நாள் அமைந்தால், ஒரு வான் அவர்களை ஏற்றி இறக்கப் போதும். சக்கரநாற்காலிக்குச் சரிவுப் பலகை வைத்த வாகனம் ஒன்று மாவட்டத்துக்கு இருந்தாலே முள்ளந்தண்டு நோயாளருக்குப் பெரும் ஆறுதல். வாகனச் செலவைச் சுகாதாரச் செலவாகவே எழுத வேண்டும். ஏழை வீட்டில் மருந்தும் சிகிச்சையும் அந்த வாகனம் வந்தால்தான் தொடங்கும்.

மற்ற நாடுகள் இதைச் செய்கின்றன. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரச மருத்துவக் காப்புறுதி, அவசரமில்லாத வைத்தியப் பயணத்துக்கும் பொறுப்பெடுக்கிறது. கடல் தாண்டித் தமிழ்நாட்டில், குழந்தை பெற்ற தாயை 102 ஊர்தி வீடுவரை கொண்டுபோய் இறக்குகிறது. 2021 ஓகஸ்ற் 5இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சீனிக்கும் பிரஷருக்குமான மருந்தைப் படலைக்கே கொண்டுவருகிறது. ஏன், 2020இல் கொரோனா ஊரடங்கின்போது எங்கள் நாட்டிலேயே கிளினிக் மருந்து தபாற்காரர் கையில் வீட்டுக்கு வந்ததே! அன்று செய்யக்கூடியதாக இருந்தது இன்றும் செய்யக்கூடியதுதான்.

அந்த வாசலில் நின்ற நாலு வீட்டுக்காரரும் இப்போது பேசிக்கொண்டோம். நாள் ஒத்துவரும் கிழமைகளில் ஒரு வான் பிடித்துக் கூலியைப் பங்கிடுகிறோம். நாள் ஒத்துவராத கிழமைகளில் பழையபடி ஓட்டோதான். அந்த நாட்களையும் ஒத்துவரச் செய்வது எங்கள் கையில் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை விடிய வான் படலையடியில் ஹோர்ன் அடித்தது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர். அண்ணையின் மகன் வேலைக்குச் சாப்பாட்டுப் பொதியோடு சைக்கிளில் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். அண்ணை அவனைப் பார்த்தார், பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு கதைக்காமல் ஏறினார். விட்டால் என்ன என்று அன்று அவர் கேட்கவில்லை.