மணல் முந்தும், களி பிந்தும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல்விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று எதைச் செய்தாலும் மண் நைசாக இருக்க வேண்டும். களிமண்ணிலிருந்து மணலைப் பிரிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் மணல் அடியில் தங்கும், களி கலங்கலாகவே நிற்கும். கலங்கலை வடித்துக்கொள்ளலாம்.

0.1 மி.மீ. குறுக்களவுள்ள மணல் துகள் 10 செ.மீ. ஆழம் இறங்கப் பத்துப் பதினைந்து விநாடி போதும். 0.002 மி.மீ. களித்துகள், மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து இருந்தால், அதே ஆழத்தைக் கடக்க ஏறக்குறைய 8 மணி நேரம் எடுக்கும். வார்ப்புக்கான மண்கூழில் சோடியம் சிலிகேட் சேர்ப்பதும் துகள்கள் ஒட்டித் திரளாமல் இருக்கத்தான். இரண்டு துகள்களின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றே. பெரியது முந்துகிறது, சிறியது பிந்துகிறது.

கனமான பொருள் வேகமாக விழும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதும் இதையேதான். அவரைத் தவறு செய்தவர் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது எனக்கு ஒப்பவில்லை. தண்ணீரிலும் காற்றிலும் கண்ணுக்குத் தெரிந்ததிலிருந்து அவர் விதி செய்தார். ஒவ்வொரு பூதத்துக்கும் ஓர் இயல்பான இடம் உண்டு, அங்கே போய்ச் சேரவே அது நகர்கிறது என்றார். நம் மணிமேகலையின் 27-ஆம் காதையிலும் இதற்கு நெருங்கிய சிந்தனை இருக்கிறது. வஞ்சி நகரில் மணிமேகலைக்குத் தன் கொள்கையைச் சொல்லும் ஆசீவகர், நீரணு கீழே தாழும், தீயணு மேலே எழும், காற்றணு குறுக்கே அசையும் என்கிறார். அரிஸ்டாட்டிலோ காற்றையும் மேலே அனுப்பிவிட்டார். காற்றைக் குறுக்கே ஓடவிட்ட ஆசீவகரின் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அரிஸ்டாட்டிலின் விதியை முதலில் அசைத்தவர்களில் ஒருவர், 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஜான் பிலோபோனஸ். எடையில் பெரிதும் வேறுபட்ட இரண்டு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விட்டால், விழும் நேரத்தில் வித்தியாசம் மிகச் சிறிது என்று எழுதினார். 1638-இல் வெளிவந்த நூலில் கலிலியோ அதற்கும் மேலே போனார். பாதரசத்தில் தங்கம் மூழ்கும், ஈயம் மிதக்கும். தண்ணீரில் இரண்டுமே மூழ்கும். காற்றிலோ தங்கமும் ஈயமும் கல்லும் ஏறத்தாழச் சேர்ந்தே விழும். ஊடகம் மெலிய மெலிய வித்தியாசமும் குறைகிறது என்றால், ஊடகமே இல்லாத இடத்தில்? எல்லாம் ஒரே வேகத்தில் விழும் என்று, வெற்றிடத்தைக் கண்ணால் காணாமலே முடிவுகட்டினார். 1971 ஆகஸ்ட் 2 அன்று நிலவில் விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் கைவிட்ட சுத்தியலும் வல்லூறின் இறகும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

விழுவதைவிடக் கடினமான கேள்வி, எறிந்த பொருள் கையை விட்ட பிறகும் ஏன் போகிறது என்பது. பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது என்றார் அரிஸ்டாட்டில். வைசேடிக சூத்திரம் என்ற பழைய இந்தியத் தத்துவ நூலின் விளக்கம் வேறு. முதலில் நாண் அம்பைத் தள்ளுகிறது. அந்த அசைவு அம்புக்குள் ஒரு 'சம்ஸ்காரத்தை', அதாவது ஓர் உள் உந்துதலை, விடுகிறது. அது தீர்ந்ததும் அம்பின் கனம் அதைக் கீழே இறக்குகிறது. குயவர் கோலை எடுத்த பிறகும் சக்கரம் சுழல்வதைச் சாங்கிய காரிகை என்ற தத்துவ நூலும் இதே சொல்லால் விளக்குகிறது. அங்கே பேச்சு ஞானம் பெற்ற பிறகும் உடல் நீடிப்பதைப் பற்றியது.

14-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜான் பூரிதானும் சுழலும் சக்கரத்தைத்தான் கையில் எடுத்தார், கொல்லரின் சாணைச் சக்கரத்தை. அது இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. பின்னால் வந்து தள்ளக் காற்றுக்கு இடமே இல்லை. ஆகவே உந்துதல் பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். பொருளின் அளவு கூடினாலும் வேகம் கூடினாலும் அதுவும் கூடும் என்றார் பூரிதான். இன்றைய பாடநூலில் நிறையை வேகத்தால் பெருக்கி உந்தம் என்கிறோம். மோட்டார் வருவதற்கு முன்பு குயவர்கள் சக்கரத்தின் விளிம்பைக் கனமாக அமைத்ததற்கும் காரணம் இதுதான்: எடை மையத்தைவிட்டுத் தள்ளி இருந்தால், ஒருமுறை சுழற்றிவிட்ட சக்கரம் ஒரு பானை எழும்பும்வரை நிற்காது.