பிடிக்காத விளம்பரம் ஏன் மறப்பதில்லை?

தொலைக்காட்சி வரலாற்றில் முறையான அனுமதியோடு ஒளிபரப்பான முதல் விளம்பரம் பத்து நொடிதான் ஓடியது. 1941 ஜூலை 1 அன்று நியூயார்க்கில், ஒரு பேஸ்பால் ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் அது திரையில் வந்தது. அமெரிக்க வரைபடமும் புலோவா கடிகாரத்தின் முகமும் தெரிந்தன. ஒரே ஒரு வாசகம் ஒலித்தது. பாட்டு, நடனம், நடிகை எதுவும் இல்லை. இந்தியாவில் 1976 ஜனவரி 1 முதல் தூர்தர்ஷன் விளம்பரங்களை ஒளிபரப்பத் தொடங்கியது. அதற்குப் பிறகு வளர்ந்த தலைமுறைகளில், பள்ளியில் படித்த செய்யுள் மறந்துபோனாலும் சலவைத்தூள் பாட்டு மறக்காதவர்கள்தான் அதிகம்.

நல்ல விளம்பரம் எது என்று கேட்டால் மூன்று கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நினைவில் நிற்கிறதா? பிடிக்கிறதா? பொருளை விற்கிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மற்ற இரண்டுக்கும் ‘ஆம்’ என்றாகிவிடாது. மூன்றும் தனித்தனி என்பதைத்தான் நினைவைப் பற்றிய ஆய்வுகள் காட்டுகின்றன.

பாட்டுக்குள் பெயர்

முதலில் நினைவு. பேச்சைவிடப் பாட்டு மனத்தில் தங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. 1994-இல் வாண்டா வாலஸ் என்ற ஆய்வாளர் ஒரே வரிகளைச் சிலருக்குப் பேச்சாகவும் சிலருக்குப் பாட்டாகவும் கொடுத்துச் சோதித்தார். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தபோது, பாட்டாகக் கேட்டவர்களுக்கு வரிகள் கூடுதலாக நினைவிருந்தன. மெட்டு ஒருமுறை மட்டும் வந்தபோது அந்த நன்மை கிடைக்கவில்லை. புது மெட்டையும் புதுச் சொற்களையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள மூளை திணறுகிறது. மெட்டு பழகிய பிறகுதான் அது சொற்களுக்குக் கொழுகொம்பாகிறது. ஒரு வார்த்தைக்கு எத்தனை அசை, அடுத்தது எங்கே விழ வேண்டும் என்பதைத் தாளமே சொல்லிக்கொடுத்துவிடும்.

எந்த மெட்டு தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்? கெல்லி யாகுபோவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் சுமார் 3,000 பேரிடம் இதைக் கேட்டு, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அப்படி ஒட்டிக்கொள்ளும் பாடல்கள் சற்று வேகமானவை. மெட்டு ஏறி இறங்கும் விதம் காதுக்கு ஏற்கெனவே பழகியது. ஆனால் நடுவே எதிர்பாராத ஒரு தாவல் இருக்கும். அதாவது, பாட எளிது, ஆனால் சப்பென்று இருக்காது.

1980-களில் இந்தியா முழுவதும் ஒலித்த நிர்மா சலவைத்தூள் பாட்டு இந்த இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. அதில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. பொருளின் பெயரை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. பாட்டு நினைவுக்கு வந்தால் பெயரும் வந்தே தீரும். டைட்டன் கடிகாரம் வேறு வழியில் போனது. மோட்சார்ட் 1773-இல் எழுதிய 25-ஆவது சிம்பொனியின் சில நொடிகளை எடுத்துத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. ‘ரோஜா’வுக்கு முன் ஏ.ஆர். ரஹ்மான் லியோ காபி உள்ளிட்ட ஏராளமான விளம்பரங்களுக்கு இசையமைத்தவர். சில நொடிகளுக்குள் மனத்தில் தங்கும் மெட்டைப் போட வேண்டிய கண்டிப்பான பயிற்சிக்கூடம் அது.

கூட்டத்தில் தனி முகம்

ஒட்டிக்கொண்டது பாட்டு மட்டும், பெயர் போய்விட்டது என்றால் பணம் வீண். விளம்பரத் துறையினர் இதை ‘ரத்தக்காட்டேரி விளைவு’ என்கிறார்கள். பெரிய நட்சத்திரம் வந்து பார்வையாளரின் கவனத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்வார். பொருளுக்கு மிச்சம் இருக்காது. அந்த நடிகர் ஏதோ ஒரு குளிர்பானம் குடித்தது நினைவிருக்கும். எந்தக் குளிர்பானம் என்பதுதான் தெரியாது. நட்சத்திரத்துக்கும் பொருளுக்கும் இயல்பான தொடர்பு இல்லாதபோது இந்தச் சேதம் அதிகம்.

தமிழ்நாட்டுக் கடைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு உலக விளம்பரப் பாடநூல்களில் சேர்க்க வேண்டியது: முதலாளியே நடிப்பது. வசந்த் அண்டு கோ என்றால் வசந்தகுமாரின் சிரிப்பு. லலிதா ஜுவல்லரி என்றால் கிரண்குமாரின் மொட்டைத் தலை. அந்த முகம் வேறு எந்தப் பொருளையும் விற்பதில்லை. ஆகவே முகம் நினைவுக்கு வந்தால் கடையும் வந்துவிடும்.

இதன் உச்சம் சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் விளம்பரங்கள். கடை உரிமையாளர் சரவணன் அருள், தமன்னாவோடும் ஹன்சிகாவோடும் ஆடிப்பாடியதைத் தமிழ்நாடே கேலி செய்தது. மீம்கள் குவிந்தன. 1933-இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் கண்டறிந்த விதி இங்கே வேலை செய்தது. ஒரே மாதிரியான பலவற்றுக்கு நடுவே மாறுபட்ட ஒன்று இருந்தால், நினைவில் நிற்பது அதுதான். கச்சிதமான கதாநாயகர்கள் வரிசையாக வந்துபோகும் திரையில், கதாநாயகனுக்குரிய எந்த இலக்கணத்திலும் அடங்காதவர் ஒருவர் வந்தால் கண் அங்கேதான் நிற்கும். கேலி செய்தவர்கள் அனைவரும் கூலி வாங்காத விளம்பரதாரர்கள் ஆனார்கள். 2022-இல் அவர் ‘தி லெஜண்ட்’ என்ற முழுநீளப் படத்துக்கே நாயகனானார்.

எரிச்சல் எங்கே போகிறது?

கேலிக்கும் எரிச்சலுக்கும் ஆளான விளம்பரம் கடையை விட்டு ஆளை விரட்டாதா? இதற்கு இரண்டு ஆய்வுகள் பதில் தருகின்றன.

1968-இல் ராபர்ட் ஸாயன்ஸ், பொருளற்ற சொற்களையும் சீன எழுத்துகளைப் போன்ற குறிகளையும் முன்பின் தெரியாத முகங்களையும் மக்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒருமுறை, சிலவற்றை 25 முறை வரை. அதிகம் பார்த்தவற்றையே மக்கள் நல்லவை என்று மதிப்பிட்டார்கள். காரணம் எதுவும் தேவைப்படவில்லை. கண்ணில் பட்டதே போதுமானதாக இருந்தது. ஏற்கெனவே பார்த்த ஒன்றை மூளை சிரமமின்றி அடையாளம் காண்கிறது. அந்தச் சுகத்தை அந்தப் பொருளின் குணம் என்று எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது ஆய்வு இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அமெரிக்க வீரர்களுக்குப் பிரசாரப் படம் ஒன்றைக் காட்டிய கார்ல் ஹாவ்லண்ட் குழுவினர், சில நாள் கழித்தும் ஒன்பது வாரம் கழித்தும் அவர்கள் கருத்தைக் கேட்டார்கள். படத்தின் செல்வாக்கு சில விஷயங்களில் காலம் போகப்போகக் கூடியிருந்தது. ‘இது பிரசாரம்தானே’ என்ற எச்சரிக்கை முதலில் மறந்துபோகிறது; சொன்ன செய்தி மட்டும் மிஞ்சுகிறது என்று விளக்கினார்கள். எல்லாச் சூழலிலும் இப்படி நடப்பதில்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் விளம்பரத்துக்கு இது பொருந்துவதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. எரிச்சல் ஆவியாகிவிடுகிறது, பெயர் தங்கிவிடுகிறது.

இதை நம்பியே தொழில் செய்தவர் அமெரிக்க விளம்பரக்காரர் ராசர் ரீவ்ஸ். 1950-களில் அனாசின் தலைவலி மாத்திரைக்கு அவர் எடுத்த விளம்பரத்தில், மண்டைக்குள் ஒரு சுத்தியல் ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பார்த்தவர்கள் சபித்தார்கள். விற்பனையோ 18 மாதங்களில் 1.8 கோடி டாலரிலிருந்து 5.4 கோடி டாலராக ஏறியது என்பது விளம்பர உலகில் இன்றும் சொல்லப்படும் கணக்கு. தலைவலி வந்த ஒருவர் மருந்துக்கடையில் நிற்கும்போது நினைவுக்கு வரும் முதல் பெயர் போதும். அந்தப் பெயரோடு நட்பு தேவையில்லை.

எல்லை எங்கே?

அதற்காக எரிச்சலூட்டினால் எல்லாம் விற்கும் என்பதில்லை. திரும்பத் திரும்பக் காட்டும்போது விருப்பம் முதலில் ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு சரியும். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் ஒவ்வொரு ஓவருக்கும் அதே விளம்பரம் வந்தால் அந்தச் சரிவை ஒரே மாலையில் பார்த்துவிடலாம். இடைவெளி விட்டுக் காட்டுவதே நினைவுக்கு நல்லது என்பதை நினைவை ஆராய்ந்த உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே சொல்லிவிட்டார்.

சத்தம் இன்னொரு எல்லை. விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறோமே, அது வெறும் பிரமை அல்ல. ஒலியின் உச்சத்துக்குத்தான் முன்பு வரம்பு இருந்தது. நாடகத்தில் கிசுகிசுப்பும் உண்டு, அலறலும் உண்டு. விளம்பரத்திலோ, உழுத வயலில் பரம்படிப்பதுபோலப் பள்ளங்களை எல்லாம் நிரவி முழு ஒலியையும் உச்சத்தை ஒட்டியே வைத்துவிடுகிறார்கள். வரம்பை மீறவில்லை, காதுதான் வலிக்கிறது. சராசரி ஒலி நிகழ்ச்சியின் அளவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா 2010-இல் சட்டம் இயற்றி, 2012 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. நம் கேபிள் தொலைக்காட்சி விதிகளிலும் விளம்பரம் அளவுக்கு மீறிச் சத்தமாக இருக்கக் கூடாது என்றும், மணிக்கு 12 நிமிடம்தான் என்றும் இடம்பெற்றது.

மூன்றாவது எல்லை பொருள்தான். நிர்மாவைப் பாட்டு மட்டும் விற்கவில்லை; பெரிய நிறுவனத் தூளைவிட அது வெகு மலிவு. போட்டித் தூளான சர்ஃப் அதற்குப் பதிலடியாக லலிதாஜி என்ற கறாரான குடும்பத்தலைவியை இறக்கியது. அதட்டும் குரல்தான் அவருக்கு. ஆனால் அந்த அதட்டலுக்குள் ஒரு வாதம் இருந்தது: விலை குறைந்தது வேறு, காசுக்குத் தகுந்தது வேறு. பெயரை மனத்தில் நட்டுவிட்டால் முதல்முறை வாங்குவார்கள். இரண்டாம் முறை வாங்க வைப்பது பொருளின் வேலை.

ஆகவே, இந்த விளம்பரம் தன்னை ஒன்றும் செய்யாது, தான் அதைக் கவனிப்பதே இல்லை என்று சொல்பவர்தான் அதற்கு ஏற்ற ஆள். கவனிக்காமல் பழகிப்போவதே அதன் வழி. அடுத்த முறை கடை அடுக்கில் கை தானாக ஒரு பொட்டலத்தை நோக்கிப் போனால், இதை நல்லது என்பதால் எடுக்கிறோமா, தெரிந்தது என்பதால் எடுக்கிறோமா என்று கேட்டுப் பாருங்கள். பின்பக்கத்தைத் திருப்பி விலையையும் எடையையும் படிக்க, ஒரு விளம்பரம் பார்க்கும் நேரம்கூட ஆகாது.