போக எட்டு, வர பத்து

பெங்களூருக்கும் டோக்கியோவுக்கும் தூரம் ஒன்றுதான். பயண நேரம்தான் இரண்டு.

பெங்களூர் - டோக்கியோ விமான டிக்கெட்டை முதல் தடவையாகக் கையில் வாங்குபவருக்குத் தலை சுற்றும். அதிலுள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்த்தால், போவதற்குப் பதினொன்றரை மணி நேரம், திரும்புவதற்கு ஆறரை மணி நேரம் என்று கணக்கு வரும். உண்மை இதற்கு நேர் எதிர். ஜப்பானின் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அதைச் சரிசெய்தால் போக ஏறத்தாழ 8 மணி நேரம், வர 10 மணி நேரம்.

தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து டோக்கியோவின் நரிடா விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய வான்வழி சுமார் 6,700 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் போயிங் 787க்கு இது ஏழரை மணி நேர வேலை. அப்படியானால் இரண்டு மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. 'ஜெட் ஸ்ட்ரீம்' என்பது அதன் பெயர். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அதன் வேகம் சில சமயம் மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டும். போகும்போது முதுகில் தள்ளும் இதே காற்று, வரும்போது முகத்தில் அறைகிறது.

இதை முதலில் அளந்தவரும் ஜப்பானியரே. வானிலை விஞ்ஞானி வசாபுரோ ஓய்ஷி 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். உலகமே படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார்; அதனாலேயே உலகம் படிக்கவில்லை! 1944இல் ஜப்பானைத் தாக்கப் போன அமெரிக்க பி-29 விமானிகள் இந்தக் காற்றில் சிக்கித் திணறினார்கள்.

பிடதியில் டொயோட்டா 1999இல் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகும், பெங்களூர்க்காரர்கள் பல ஆண்டுகள் சிங்கப்பூர், பாங்காக் என்று சுற்றித்தான் ஜப்பான் போனார்கள். 2020 மார்ச்சில் ஜப்பான் ஏர்லைன்ஸ் தொடங்கவிருந்த நேரடி சேவை கொரோனாவால் தள்ளிப்போய்ப் பிறகுதான் வந்தது. 2019 அக்டோபரில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் தொடங்கிய சென்னை - நரிடா சேவையோ ஆறு மாதம்கூட ஓடாமல் கொரோனாவில் நின்றது.

காற்று மிச்சப்படுத்தும் நேரத்தைப் பெங்களூர் சாலைகள் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்திலிருந்து வருபவர்கள் ஊரையே குறுக்காகக் கடந்துதான் தேவனஹள்ளியை அடைய வேண்டும். நெரிசல் நேரத்தில் அதற்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும்.

பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகும் வயதான பெற்றோருக்கு இந்தக் கணக்கு வெறும் வேடிக்கை இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வப்போது எழுந்து நடப்பது நல்லது. இன்சுலின் போடுபவர்களுக்குக் கிழக்கே போகும் நாள் இருபதரை மணி நேரமாகச் சுருங்குகிறது. திரும்பும் நாள் இருபத்தேழரை மணி நேரமாக நீள்கிறது. கைக்கடிகாரத்தை மட்டும் நம்பி ஊசி போட்டால் அளவு தவறிவிடும். பெட்டி கட்டுவதற்கு முன்பே டிக்கெட்டோடு டாக்டரைப் பார்த்து, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்வது உத்தமம்.