கிராபிக்ஸ் கார்டுக்கு இஎம்ஐ போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

புது கேம் திக்கித் திக்கி ஓடுதா? உடனே 30,000 ரூபாய்க்குப் புது கார்டு, மாசம் 2,500-ன்னு 12 மாச இஎம்ஐ. இதுதான் நிறைய பேர் எடுக்குற முடிவு. அதுக்கு முன்னாடி ஒரு ரூபாய் செலவில்லாம செய்யக்கூடிய மூணு விஷயம் இருக்கு. உதாரணத்துக்கு, 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 (6 ஜிபி) கார்டை எடுத்துக்குவோம்.

1. ரெசல்யூஷனைக் குறைங்க

1920×1080-ல் மொத்தம் 20,73,600 பிக்சல்கள். 1600×900-ல் 14,40,000 தான். கார்டு வரைய வேண்டிய பிக்சல்ல சுமார் 30% மிச்சம்.

2. எஃப்எஸ்ஆர் இருக்கான்னு பாருங்க

டிஎல்எஸ்எஸ்-க்கு ஆர்டிஎக்ஸ் கார்டு வேணும். ஆனா ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் 2, என்விடியாவின் பழைய கார்டுலயும் வேலை செய்யும். ‘குவாலிட்டி’ வச்சா, 1280×720-ல் வரைஞ்சு 1080-க்குப் பெருசாக்கிக் காட்டும். படம் கொஞ்சம் மங்கலா தெரியலாம். வேகம் நல்லாவே கூடும். எஃப்எஸ்ஆர் 4 மட்டும் புது கார்டு கேட்கும்.

3. எதைக் குறைக்கணும்னு தெரிஞ்சு குறைங்க

திடீர் திடீர்னு நின்னு ஓடுதா? வீடியோ மெமரி நிரம்பியிருக்கலாம்; டெக்ஸ்சரைக் குறைங்க. மொத்தமாவே மெதுவா இருந்தா, முதல்ல ஷேடோ, பனிமூட்டம் மாதிரி எஃபெக்ட்களைக் குறைங்க.

எங்கே நிறுத்தணும்?

‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்’ (2024), ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ (2025) ரெண்டுக்கும் ரே டிரேசிங் வசதி கார்டுலயே இருக்கணும். 1060-ல் அது கிடையாது. எந்த செட்டிங்கை மாத்தினாலும் பிரயோஜனம் இல்லை. அதனால கேம் வாங்குறதுக்கு முன்னாடி மினிமம் ரெக்வயர்மென்ட்டைப் பாருங்க. ஸ்டீம்ல வாங்கி ஓடலைன்னா, 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்கும் குறைவா விளையாடியிருந்தா, ரீஃபண்ட் கேட்கலாம்.

சரி, புது கார்டுதான் வேணுமா?

‘நோ காஸ்ட் இஎம்ஐ’-ன்னா செலவே இல்லைன்னு நினைக்காதீங்க. ப்ராசஸிங் ஃபீஸ் இருக்கலாம். கிரெடிட் கார்டு இஎம்ஐ-யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க பில்லில் வரும். அதே 2,500-ஐ 12 மாசம் ஆர்டி-யில் போட்டா 30,000-மும் வட்டியும் உங்க கையில். அதுவரைக்கும் பழைய கார்டு தாங்கும்.

நீங்க விளையாட நினைக்கிற கேம்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க. அதுல எத்தனை கேம் உங்க கார்டுல ஓடவே ஓடாதுன்னு எண்ணுங்க. ஒன்னே ஒன்னுதான்னா, அந்த ஒரு கேமோட விலை 30,000 ரூபாய். அதுக்கு மேல முடிவு உங்களோடது!