தூளியை அவிழ்த்த பிறகு: பாப்பாவை மெத்தைக்கு மாத்தின கதை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்குக் கொஞ்சம் வீட்டு விஷயம். ராத்திரி மூணு மணிக்கு என் பொண்ணை வாசல் கதவுகிட்ட பார்த்தேன். அங்க இருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீடு செவ்வாப்பேட்டையில. சென்னையில இருந்து அரக்கோணம் போற லோக்கல் ட்ரெயின்ல வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவுல வர ஸ்டேஷன். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒரு கிச்சன், வாடகை வீடு. தண்டவாளம் நடந்து போற தூரம்தான். நான் காக்களூர் தொழிற்பேட்டையில ஷிஃப்ட் வேலை. அன்னைக்கு செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு வந்தேன். சத்தம் கேட்டுப் பாப்பா முழிச்சுக்கக் கூடாதுன்னு கீழ்த் தாழ்ப்பாளை மட்டும் போட்டுட்டுப் படுத்துட்டேன்.

மூணு மணி வாக்குல இரும்பு உரசுற சத்தம். எழுந்து பார்த்தா பாப்பா கதவுகிட்ட குத்த வச்சு உக்காந்து அந்தத் தாழ்ப்பாளை இழுத்துட்டு இருக்கா. அழல, கத்தல. என்னைப் பார்த்து, "டாட்டா போலாம்"னு சொன்னா. தாழ்ப்பாள் பாதி நகர்ந்திருந்தது.

அப்போ அவளுக்கு ரெண்டு வயசு அஞ்சு மாசம். தூளியில இருந்து மெத்தைக்கு மாத்தி அது மூணாவது ராத்திரி. மாத்துறதுக்கு முன்னாடி மெத்தை எது, பெட்ஷீட் எது, கொசுவலை எதுன்னு எல்லாத்தையும் யோசிச்சிருந்தோம். கதவை யோசிக்கவே இல்ல.

தூளி செஞ்ச ரெண்டு வேலை

அந்த ராத்திரிக்கு அப்புறம்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. தூளியோ மரத்தொட்டிலோ, அது ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, குழந்தையைத் தூங்க வைக்குது. இன்னொண்ணு, குழந்தையை இறங்க விடாம பிடிச்சு வைக்குது. மெத்தை இந்த ரெண்டையுமே செய்யாது. அதனால இந்த மாற்றத்துல மெத்தை சின்ன விஷயம். அந்த ரெண்டு வேலையையும் இனிமே யார் செய்யப் போறாங்கங்கிறதுதான் பெரிய விஷயம்.

முதல் வேலையை எடுத்துக்கலாம். ஆட்டினா தூக்கம் வரும்னு நம்ம ஆயாக்களுக்கு எப்பவோ தெரியும். சுவிட்சர்லாந்துல ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011ல இதைப் பெரியவங்ககிட்டயே சோதிச்சுப் பார்த்தாங்க. 12 ஆண்களை மதியத்துல 45 நிமிஷம் தூங்க வச்சாங்க, ஒரு தடவை அசையாத கட்டில்ல, ஒரு தடவை மெதுவா ஆடுற கட்டில்ல. 4 விநாடிக்கு ஒரு ஆட்டம், அவ்வளவுதான் வேகம். ஆடுற கட்டில்ல சீக்கிரம் தூங்கிட்டாங்க, ஆழ்ந்த தூக்கத்தோட அடையாளங்களும் அதிகமா இருந்தது.

அப்போ பிரச்சனை என்ன? ராத்திரியில நாம எல்லாருமே பல தடவை லேசா முழிக்கிறோம். தலையணை இருக்கு, ஃபேன் ஓடுது, எல்லாம் அப்படியே இருக்குன்னா நமக்கே தெரியாம திரும்பத் தூங்கிடுறோம். குழந்தையும் அப்படித்தான். ஆனா ஆடிட்டே தூங்கின குழந்தை நடுராத்திரி முழிச்சா ஆட்டம் நின்னு போயிருக்கும். "ஏதோ குறையுதே"ன்னு அழும். எங்க வீட்ல ராத்திரிக்கு நாலு தடவை எழுந்து ஆட்டினது ஆயாதான், அதாவது எங்க அம்மா. வயசு அறுபத்தி மூணு, தோள்பட்டை வலி வேற. என் மனைவிக்கு அப்போ அஞ்சாவது மாசம். இனிமே தள்ளிப் போட முடியாதுன்னு ஆனது அப்போதான்.

எப்போ மாத்தலாம்?

மரத்தொட்டில் வச்சிருக்கிறவங்களுக்கு அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் ஒரு அளவு சொல்லுது. குழந்தை 35 அங்குலம், அதாவது சுமார் 89 சென்டிமீட்டர் உயரம் வந்தாலோ, தொட்டிலோட பக்கக் கம்பி குழந்தையோட உயரத்துல முக்கால் பங்குக்கும் கீழ போயிட்டாலோ மாத்திடணும். ஏன்னா அதுக்கு மேல காலைத் தூக்கிப் போட்டு ஏறிடும். அங்க இருந்து விழுந்தா தலைதான் முதல்ல தரையில படும்.

தூளிக்கு இப்படி அளவு கிடையாது. ஆனா குழந்தை உள்ளயே எழுந்து நிக்க ஆரம்பிச்சா, தானா ஏறி இறங்கப் பார்த்தா, அதுதான் அடையாளம். எங்க பாப்பா ஒரு நாள் மதியம் தூளிக்குள்ள நின்னுட்டு இரண்டு பக்கச் சேலையையும் பிடிச்சு ஆடிட்டு இருந்தா. ஆயா ஓடி வந்து பிடிச்சதால தப்பிச்சோம்.

ஆரம்பிக்கக் கூடாத நேரமும் உண்டு. காய்ச்சல் சமயம், வீடு மாத்துற சமயம், டாய்லெட் பழக்குற சமயம், முக்கியமா புதுக் குழந்தை வந்த அடுத்த வாரம். "என் இடத்தைப் பிடுங்கி அதுக்குக் கொடுத்துட்டாங்க"ன்னு பெரிய குழந்தைக்குத் தோணும். ஒண்ணு, சில மாசம் முன்னாடியே மாத்துங்க. இல்லைன்னா எல்லாம் அடங்கின பிறகு மாத்துங்க.

ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சோம்

ஒரே நாள்ல தூளியை அவிழ்க்கல. முதல் வாரம் தூளியிலேயே ஆட்டத்தைக் குறைச்சோம். கண்ணு சொருகுறப்பவே நிறுத்திட்டு, சேலை மேல கையை மட்டும் வச்சோம். ரெண்டாவது வாரம் மதியத் தூக்கம் மட்டும் மெத்தையில. மூணாவது வாரம்தான் ராத்திரி.

மெத்தையைத் தரையிலதான் போட்டோம். நாலு அங்குல உயரத்துல இருந்து உருண்டா ஒண்ணும் ஆகாது. ஆயா ஒத்துக்கல. "மழைக்காலத்துல பூரான் ஏறுண்டா, என்ன புத்தி உனக்கு?"ன்னாங்க. நியாயமான கேள்வி. அடியிலயும் துணி இருக்கிற மடக்குக் கொசுவலை வாங்கினோம், தினமும் மெத்தையைத் தூக்கித் தட்டினோம். பாப்பா பழகின பிறகு உயரம் குறைவான கட்டிலுக்குப் போனோம். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவுல குழந்தை மாட்டிக்கிற மாதிரி இடைவெளி இருக்கக் கூடாது. பக்கத்துல மாட்டுற தடுப்புக் கம்பி வாங்கினா வயசைப் பாருங்க. அமெரிக்கத் தரவிதிப்படி அது 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள குழந்தைகளுக்குத்தான்.

ஆட்டத்துக்குப் பதிலா எதைக் கொடுத்தோம்? ஒரே வரிசை. கை கால் கழுவுறது, பால், பல் தேய்க்கிறது, ஒரு கதை, லைட் ஆஃப். தினமும் அதே நேரம், அதே வரிசை. யார் தூங்க வச்சாலும் இதேதான். மெத்தை மேல அவளோட தூளிச் சேலையையே மடிச்சு இறுக்கமா விரிச்சோம். அந்த வாசனை அவளுக்குத் தெரியும்ல. முதல்ல தட்டிக் கொடுத்தோம், அப்புறம் கையை மட்டும் வச்சோம், அப்புறம் பக்கத்துல சும்மா படுத்தோம்.

வெளிநாட்டு வீடியோக்கள்ல தனி ரூம், தனிக் கட்டில்னு சொல்லுவாங்க. எங்க வீட்ல நாலு பேரும் ஒரே ரூம்லதான் படுக்கிறோம். அது தப்பில்ல. நமக்கு வேண்டியது தனி ரூம் இல்ல, முழிச்சா தானா திரும்பத் தூங்குற பழக்கம்.

முதல் ராத்திரி ஏழு தடவை எழுந்து வந்தா. ஒவ்வொரு தடவையும் பேச்சு இல்லாம, திட்டாம, கொஞ்சாம, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் படுக்க வச்சோம். நாலாவது தடவை ஆயா கண்ணுல தண்ணி. "அந்தப் புள்ளைய ஒரு ஆட்டு ஆட்டிட்டுப் போறேண்டா"ன்னாங்க. அம்மாவைச் சமாதானப்படுத்துறதுதான் பாப்பாவைவிட கஷ்டம். "நீங்க பக்கத்துல படுத்துக்கோங்க, ஆட்ட மட்டும் வேணாம்"னு சொன்னேன். அது ரெண்டு பேருக்குமே ஒத்து வந்தது. பத்து நாள்ல ஒரு தடவையா குறைஞ்சது.

ரூமே இனிமே தொட்டில்

இப்போ ரெண்டாவது வேலை. குழந்தையைப் பிடிச்சு வைக்கிறது. மெத்தைக்கு வந்த குழந்தை, நீங்க தூங்கும்போது வீடு பூரா சுத்தலாம். அதனால ரூமையும் வீட்டையும் தொட்டிலா மாத்தணும். தாழ்ப்பாள் சம்பவத்துக்கு மறுநாள் நான் தரையில முட்டி போட்டு, அவ உயரத்துல இருந்து வீட்டைப் பார்த்தேன். நீங்களும் பாருங்க.

வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், தினமும், யார் கடைசியா வந்தாலும். பாத்ரூம் கதவு சாத்தியிருக்கணும், பக்கெட்ல தண்ணி நிக்கக் கூடாது. சமையல் முடிஞ்சதும் சிலிண்டர் ரெகுலேட்டர் ஆஃப். டிராயர் வச்ச அலமாரியைச் சுவரோட சேர்த்து முடுக்கணும், ஏன்னா டிராயரைப் படி மாதிரி இழுத்து ஏறுவாங்க. ஜன்னல், பால்கனி பக்கத்துல நாற்காலியோ கட்டிலோ வேண்டாம். கொசு மருந்து மெஷின், சார்ஜர் வயர், மாத்திரை டப்பா எல்லாம் கைக்கு எட்டாத இடத்துல.

முக்கியமா ஒண்ணு. மாத்தின பிறகு தூளியைத் தொங்க விடாதீங்க. "பகல்ல ஊஞ்சலா ஆடட்டும்"னு விட்டுடுவோம். சேலை ஊஞ்சல்ல கழுத்து இறுகிக் குழந்தை இறந்த செய்தி நம்ம ஊர் பேப்பர்ல வந்துட்டே இருக்கு. தொங்குற துணி தனியா விளையாடுற குழந்தைக்கு ஆபத்து. அவிழ்த்துடுங்க.

ரெண்டாவது குழந்தைக்கு அந்தக் கொக்கி வேணுமான்னு வீட்ல பேச்சு ஓடுது. ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தையைத் தட்டையான, கெட்டியான படுக்கையில மல்லாக்கப் படுக்க வைக்கணும்னு டாக்டர்கள் சொல்றாங்க. துணி குழிஞ்சு தாடை நெஞ்சுல படிஞ்சா சின்னக் குழந்தைக்கு மூச்சுக்குச் சிரமம். நான் வேணாம்ங்கிறேன். ஆயா, "நீ அதுல வளர்ந்தவன்தானே"ங்கிறாங்க. பதில் சொல்றது கஷ்டமாத்தான் இருக்கு.

தூக்கக் கணக்கையும் சொல்லிடுறேன். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னபடி 1, 2 வயசுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 11ல இருந்து 14 மணி நேரம், 3, 4 வயசுக்கு 10ல இருந்து 13. மாத்தின புதுசுல இது கொஞ்சம் குறையலாம், பயப்படாதீங்க. வாரக்கணக்கா குறைவாவே இருந்தாலோ, தூக்கத்துல குறட்டையும் மூச்சுத் திணறலும் இருந்தாலோ டாக்டரைப் பாருங்க.

இப்போ பாப்பா தானே மெத்தையில ஏறிப் படுத்து, "கதை சொல்லு"ங்கிறா. ஆயாவும் காலையில அஞ்சு மணி வரைக்கும் தூங்குறாங்க. நான் எந்த ஷிஃப்ட் முடிச்சு வந்தாலும் மேல் தாழ்ப்பாளைப் போட்டுட்டு, ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டுத்தான் படுக்கிறேன்.

உங்க வீட்டுக் குழந்தையை எப்படி மாத்தினீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.