சோயா அவரையும் மலைநாட்டுப் பக்குவமும்

வடகிழக்கு மாநிலங்களில் குடியேறிய தமிழர் பலர். 1960களில் பர்மாவை விட்டு வந்தோருள் சிலர் மணிப்பூரின் எல்லையூரான மோரேயிலேயே தங்கிவிட்டனர். அலுவல் காரணமாக ஷில்லாங், காங்டாக் முதலிய நகரங்களில் வாழ்வோரும் உளர். புதிதாக அங்குச் செல்லும் நாம், அண்டை வீட்டு அடுக்களையிலிருந்து எழும் ஒருவகை நெடியை உணர்ந்து, ஏதோ பண்டம் கெட்டுவிட்டதென எண்ணிவிடுகிறோம். அது பக்குவமாகப் புளிக்கவைத்த சோயா அவரையின் மணமாகும்.

இவ்வுணவைச் சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் கினேமா என்பர். மணிப்பூரில் ஹவாய்ஜார், நாகாலாந்தில் அகுனி, மேகாலயத்தில் துங்ரிம்பாய், மிசோரத்தில் பெகாங் எனப் பெயர்கள் வேறுபடும். செய்முறை பெரும்பாலும் ஒன்றே. கினேமாவுக்கு அவரையை இரவு முழுவதும் ஊறவைத்து, குழைய வேகவைத்து, உரலில் இலேசாக நசுக்குவர். சிறிது விறகுச் சாம்பல் தூவி, பெரணி இலையில் பொதிந்து, மூங்கிற் கூடையில் அடுப்பின் அருகே ஒன்று முதல் மூன்று நாள் வைப்பர். உப்புச் சேர்ப்பதில்லை.

நம் இட்லி மாவும் நுண்ணுயிர்களாலேயே புளிக்கிறது. அங்கே அவை மாவிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குவதால் புளிப்புச் சுவை உண்டாகிறது. சோயாவிலோ பாசில்லஸ் என்னும் இனம் புரதத்தைச் சிதைக்கிறது. அப்பொழுது அம்மோனியா வெளிப்படுகிறது. நெடிக்கு அதுவே காரணம். சோயாவில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதம் உண்டு. இவ்வாறு சிதைந்த புரதம் எளிதில் செரிக்கும். இறைச்சியும் பாலும் அருகிய மலைக்குடிகளுக்கு இது பேருதவியாக இருந்து வந்துள்ளது. மரக்கறி உண்ணும் நம்மவர்க்கும் இது பயன்படும்.

இம்பாலில் பெண்களே வாணிகம் நடத்தும் இமா கெய்தெல் சந்தையிலும், காங்டாக்கின் லால் பஜாரிலும், ஷில்லாங்கின் இயூதூ சந்தையிலும் இவற்றைப் பெறலாம். தில்லியில் ஹுமாயூன்பூர்ப் பகுதியிலுள்ள வடகிழக்குக் கடைகளிலும் கிடைக்கும். வாங்கும்பொழுது ஒரு பருப்பை விரலால் இழுத்துப் பார்க்கலாம். பிசின் போல நூலிழுத்தால் நன்கு பக்குவப்பட்டதென்று பொருள். பச்சையாகவோ கருமையாகவோ பூசணம் படிந்ததையும், அழுகல் நாற்றம் வீசுவதையும் விலக்க வேண்டும். ஈரமானதை விரைவில் சமைத்துவிடுதல் நலம். வெயிலில் நன்கு உலர்த்திய கினேமா பல மாதம் இருக்கும்.

சமைப்பது எளிது. எண்ணெயில் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, மஞ்சளும் பச்சை மிளகாயும் உப்பும் இட்டு, ஒரு கைப்பிடி கினேமாவைச் சேர்த்துக் கிளறி, சிறிது நீர்விட்டுக் கொதிக்கவிட்டால் சோற்றுக்கு ஏற்ற குழம்பாகும். அகுனியைச் சுட்ட தக்காளியுடனும் மிளகாயுடனும் சேர்த்துத் துவையலாக அரைக்கலாம். அரைக்குமுன் அதனைச் சுட்டோ வேகவைத்தோ கொள்வது நன்று. அவரை தாவர உணவே எனினும், உணவுவிடுதியில் பன்றியிறைச்சியோ கருவாடோ சேர்த்துச் சமைப்பதுண்டு. மரக்கறி உண்போர் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. 2007இல் தில்லிக் காவல்துறை வெளியிட்ட கையேடு ஒன்று, அகுனி போன்ற நெடியுள்ள உணவுகளை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதவாறு சமைக்கும்படி வடகிழக்கு மாணவர்க்கு அறிவுறுத்தியது. வேற்றூரில் வாடகை வீடு தேடிய நமக்கு இத்தகைய சொற்களின் கூர்மை தெரியும். நம் வீட்டுக் கருவாடும் பெருங்காயமும் பிறருக்குப் புதுமையானவையே. ஆகவே அண்டை வீட்டார் ஒரு கிண்ணம் கினேமா கொணர்ந்தால் மூக்கைப் பொத்தாமல் ஏற்போம். அடுத்த நாள் அக்கிண்ணத்தில் நம் சாம்பாரை ஊற்றித் திருப்பித் தருவோம்.